எண்ணெக்கெணறு ஸ்டாப்பிங்

போன செவ்வாய்க்கிழமை ஆவடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தேன். "எண்ணெக்கெணறு எறங்கு, எண்ணெக்கெணறு" என்று டிரைவர் கத்தினார். என் பக்கத்தில் இருந்த பெண், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, "இங்கன முன்னாடி செக்கு ஏதும் இருந்துச்சா சார்?" என்று கேட்டாள். தெற்கத்திப் பேச்சு. நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இறங்கி நிற்கும்போது கரண்ட் போனது. எதிர் அடுக்குமாடியில் ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. டீசல் வாசனை முகத்தில் வந்து மோதியது.

அங்கேயே நின்றுவிட்டேன். உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது.

உன் மகள்தான் வரச் சொல்லியிருந்தாள். பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறாள். கிணற்றைத் தூர்த்தால் அந்த இடத்தில் கார் நிறுத்தலாம் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். "அப்பா இருந்தா ஒங்கள கேக்காம அந்தக் கெணத்து மேல கை வெக்க மாட்டாரு மாமா. ஒருவாட்டி வந்து மோந்து பாத்துட்டு சொல்லுங்க. அப்பால மூடறதா வெக்கிறதான்னு பாக்கலாம்" என்றாள். பேச்சில் அப்படியே நீ.

நீ அம்பத்தூருக்கு என்னைத் தேடி வந்த மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் அப்போது ஒரு மாலைப் பத்திரிகைக்குப் பகுதி நிருபர். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ஓரம் ஒரு டைப்ரைட்டிங் கடையின் பின்னறையில் எனக்கு ஒரு நாற்காலி உண்டு. நீ காலை ஷிப்ட் முடித்து, கையில் கிரீஸ் போகாமல், ஒரு சின்ன பாட்டிலோடு வந்தாய். ஆவடி ஸ்கூலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து நீ எந்த விஷயத்தையும் உட்கார்ந்து சொன்னதில்லை. அன்றைக்கும் நின்றுகொண்டேதான் சொன்னாய்.

"மச்சான், கெணத்துல எண்ணெ வந்துட்ச்சு."

"இன்னா எண்ணெ?"

"எனக்கு இன்னா தெரியும்? மண்ணெண்ணெ மாறி நாறுது. மூணு நாளா சோறு துன்ன முடியல. தபாரு."

மூடியைத் திறந்தாய். டைப் அடித்துக்கொண்டிருந்த கடைக்கார அம்மா முன்னறையிலிருந்து, "யாருப்பா அங்க ஸ்டவ் பத்த வெக்கிறது?" என்று குரல் கொடுத்தார்.

உன் சைக்கிளில் நீ மிதிக்க, நான் பின்னால் உட்கார்ந்து, வெள்ளானூர் தாண்டி உன் ஊருக்கு வந்தோம். அப்போது அதை ஊர் என்றுகூடச் சொல்ல முடியாது. மெயின் ரோட்டிலிருந்து இறங்கினால் ஒரு லாரி ஷெட். அதற்குப் பின்னால் நெல்லும் வேர்க்கடலையும் போட்ட நிலம். அதன் விளிம்பில் உங்கள் தெரு. அந்த நிலம் எதுவும் உங்கள் தெருவுடையது அல்ல. உங்கள் ஆட்கள் அதில் நாற்று நட்டார்கள், களை பறித்தார்கள், அறுத்துக் கொடுத்தார்கள். உன் அப்பா மட்டும் எப்படியோ வீட்டைச் சுற்றி முப்பது சென்ட் வாங்கி, தம்பிமார் இரண்டு பேரோடு தானே இறங்கிக் கிணறு வெட்டியிருந்தார். தெருவில் சொந்தக் கிணறு உங்களுக்கு மட்டும்தான். அது உனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். ஸ்கூலில் நம் பையன்கள் சண்டை போடும்போது நீ சொல்லும் கடைசி வார்த்தை அதுதானே, "எங்க ஊட்ல கெணறு கீதுடா."

வாளியை இறக்கி மொண்டு காட்டினாய். தண்ணீர் மேல் ஊதாவும் மஞ்சளுமாக ஒரு தோல். பழந்துணியைத் திரித்து நனைத்துத் தீக்குச்சி வைத்தாய். பிடித்துக்கொண்டது. உன் மனைவிக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம். இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள்.

"கஞ்சி வெச்சா கூட நாறுதுண்ணே. கைபம்புக்கு அந்தாண்ட கொல்ல தாண்டி போயி வரேன். நீங்க பேப்பர்ல எய்துனா பஞ்சாயத்துல பைப்பு போடுவாங்களா?"

"போடுவாங்கம்மா" என்றேன்.

அங்கேயே துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து எழுதினேன். அப்போதெல்லாம் கார்பன் வைத்து எழுதுவதுதான் வழக்கம். மேல் தாள் பஸ்ஸில் கவரோடு ஆபீசுக்குப் போகும், அடித்தாள் நம்மிடம் இருக்கும். கல் சொரசொரப்பாக இருந்தது. பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது. எரிகிற துணி இன்னும் என் கண்ணுக்குள் இருந்தது. மூன்று வரிக்கு மேல் என் பெயரில் எந்தச் செய்தியும் அதுவரை வந்ததில்லை. முதல் வரியை எழுதினேன்: வெள்ளானூர் அருகே ஒரு வீட்டுக் கிணற்றில் எண்ணெய் கிடைத்தது.

நீ சொன்னது "வந்துட்ச்சு." வரக்கூடாதது வந்துவிட்டது என்று நீ சொன்னாய். எதிர்பாராதது வந்திருக்கிறது என்று நான் கேட்டேன். அல்லது அப்படிக் கேட்க எனக்கு ஆசை இருந்தது. அவசரத்தில் மேல் தாளை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு கடைசிப் பஸ்ஸுக்கு ஓடினேன். மற்றதெல்லாம் கல்லின் மேலேயே கிடந்தது. அதைப் பற்றி நான் அப்புறம் யோசிக்கவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் உன் கிணறு முதல் பக்கத்தில் வந்தது. அதற்கடுத்த நாள் காலை உன் வாசலில் கூட்டம். கேனோடு வந்தவர்கள், பாட்டிலோடு வந்தவர்கள், வெறுங்கையோடு வேடிக்கை பார்க்க வந்தவர்கள். ஒருவர் கறுப்புக் கண்ணாடி போட்டு வந்து மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். டீக்கடையில் உன் பெரியப்பா மகன் எல்லோருக்கும் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னா மாமே, நாளைலேந்து நாமெல்லாம் ஷேக்கு. துபாய்காரன் இங்க வந்து கக்கூஸ் கயுவுவான்."

"மொதல்ல நீ டீக்கு துட்ட குட்றா ஷேக்கு" என்றார் கடைக்காரர்.

பட்டம் அவனுக்கு ஒட்டவில்லை. உனக்கு ஒட்டிக்கொண்டது. தெருவில் ஷேக்கு, பேக்டரியில் ஷேக்கு, சம்பளக் கவர் கொடுக்கும் கிளார்க்குக்கும் ஷேக்கு. நீ போனபோது ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்கூட உன் படத்துக்குக் கீழே அதைத்தான் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அடுக்குமாடியிலிருந்து வந்த ஒருவர் மேளச் சத்தத்தைக் கேட்டுக் குழம்பி, "பாய் இல்லையா இவரு?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். நீ இருந்திருந்தால் அதை வைத்தே ஒரு மாதம் ஓட்டியிருப்பாய்.

நான் பல ஊர்கள் மாறியதைப் பற்றி எழுதியிருக்கிறேன். உன் ஊர் மாறிய வேகத்தை வேறெங்கும் பார்க்கவில்லை. அரசாங்க ஜீப் வந்தது. மண்ணும் தண்ணீரும் எடுத்துப் போனார்கள். ஜீப்பின் பின்னாலேயே புரோக்கர்கள் வந்தார்கள். நிலத்துக்காரர்களில் பாதிப் பேர் எண்ணெய்க்காகக் காத்திருந்தார்கள், பாதிப் பேர் எண்ணெய் பெயரைச் சொல்லி விற்றார்கள். வேர்க்கடலைக் கொல்லையில் வெள்ளைக் கல் நட்டார்கள். ஜீப் வர வசதியாக ஒரு மண்சாலை போட்டார்கள், அதன் மேல் ஜல்லி வந்தது, ஜல்லி மேல் தார் வந்தது. மனைப்பிரிவுக்குப் பெட்ரோ நகர் என்று பெயர் வைத்தார்கள். உங்கள் தெரு ஆட்களுக்கு நடவு வேலை அந்த வருஷத்தோடு நின்றது. கொஞ்சம் பேர் உன்னைப் பிடித்துக்கொண்டு அம்பத்தூருக்கு வந்தார்கள், கொஞ்சம் பேர் சித்தாள் வேலைக்குப் போனார்கள். சில வீட்டில் அதனால் நல்லதும் நடந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். பண்ணை வீட்டு வாசலில் கை கட்டி நிற்பது உங்கள் தெருவுக்கு அதோடு முடிந்தது.

தண்ணீர் மட்டும் வரவில்லை. உன் மனைவி பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய்க் கேட்டபோது அங்கே இருந்தவர் சிரித்தாராம். "ஊட்ல எண்ணெக் கெணறு வெச்சிகினு, தண்ணிக்கு இங்க வரியேம்மா?" நான் எழுதியதை அவரும் படித்திருந்தார். அந்தச் செய்தியில் தண்ணீர் என்ற வார்த்தை ஐந்தாவது வரியில்தான் வருகிறது.

எட்டாவது மாதத்தில் அவள் குடத்தோடு வரப்பில் விழுந்தாள். நீ எனக்கு ஆள் அனுப்பினாய். ஆவடி ஆஸ்பத்திரியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். நர்ஸம்மா வெளியே வந்து, "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, பொம்பளப் புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனபிறகுதான் என் பக்கம் திரும்பினாய்.

"நான் ஒன்கிட்ட இன்னா சொன்னேன், நீ இன்னா எய்துன மச்சான்?"

உன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

"நான் ஒழுங்காத்தான்டா எழுதுனேன். ஆபீஸ்ல மாத்திட்டாங்க."

நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வை எவ்வளவு நேரம் இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது.

"அப்டியா" என்றாய். "சரி வா, டீ சாப்டலாம்."

அப்புறம் ஜீப்பில் எடுத்துப் போன தண்ணீரின் ரிசல்ட் வந்தது. மெயின் ரோட்டு லாரி ஷெட்டில் பூமிக்கடியில் டீசல் தொட்டி வைத்திருந்தார்கள். அது அடியில் ஓட்டை. கசிந்து கசிந்து உன் ஊற்றில் இறங்கியிருக்கிறது. ஷெட்டை மூடினார்கள், தொட்டியைத் தோண்டி எடுத்தார்கள். அந்தச் செய்தியையும் நான்தான் எழுதினேன். "எண்ணெய் கிடைத்ததாகக் கிராம மக்கள் கூறிவந்தனர்" என்று எழுதினேன். கிராம மக்கள்! என் ஒரு வார்த்தையைத் தூக்கி உங்கள் தெருவின் தலையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன். அது எட்டாம் பக்கத்தில் வந்தது. யாரும் படிக்கவில்லை. ஊர் அதற்குள் விற்றுப்போயிருந்தது, ஸ்டாப்பிங்குக்கும் பெயர் விழுந்திருந்தது.

டீக்கடையில் என்னைப் பார்த்தால் பேச்சு வரும். "வந்துட்டாருப்பா எண்ணெ ரிப்போட்டரு. இன்னா சார், அட்த்து எந்தக் கெணத்துல பெட்ரோலு?" நீ எழுந்து நிற்பாய். "அவன் கரெக்டாதான்டா எய்துனான். ஆபீஸ்ல மாத்திட்டானுங்க. பேசறதுக்கு முன்னாடி தெரிஞ்சிகினு பேசு." ஒரு முறை இரண்டு முறை இல்லை. என் முன்னால் மட்டும் இல்லை, நான் இல்லாதபோதும் அப்படித்தான் சொன்னாய் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒவ்வொரு முறையும் நான் டீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பைப்பு வர மகள் நடக்க ஆரம்பிக்கும் வரை ஆயிற்று. அது வந்த பிறகும் நீ கிணற்றை விடவில்லை. வருஷா வருஷம் ஐப்பசி மழை நின்றதும் ஒரு வாளி மொண்டு முகர்ந்து பார்ப்பாய். பிறகு எனக்கு போன் வரும். எஸ்.டி.டி. பூத்திலிருந்து, பிறகு செல்லிலிருந்து. ஹலோகூடக் கிடையாது.

"இன்னும் கீது."

வைத்துவிடுவாய். நான் எந்த மீட்டிங்கில் இருந்தாலும் அந்த இரண்டு வார்த்தைக்காக வெளியே வந்துவிடுவேன். அது உனக்கு விளையாட்டு. எனக்கு ஒவ்வொரு வருஷமும் அது விசாரணை மாதிரி இருந்தது.

காய்ச்சலில் உனக்கு வாசனை தெரியாமல் ஆன வருஷம் என்னை நேரில் வரச் சொன்னாய். வீட்டுக்கு வந்தேன். வாளியை எனக்கு முன்னால் வைத்து, துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டாய். உன்னால் நிற்க முடியாததை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன்.

"எனக்கு ஒன்னியும் தெர்ல மச்சான். மல்லிப்பூவும் மீன் கொயம்பும் ஒன்னா கீது. நீ மோந்து சொல்லு. நீ சொன்னா சரி."

குனிந்து முகர்ந்தேன். லேசாக, மிக லேசாக இருந்தது. "இருக்குடா" என்றேன்.

நீ சிரித்தாய். "மூக்கு கரெக்டாதான் கீது ஒனக்கு. அப்ப காதுதான் செவுடு."

உள்ளேயிருந்து உன் மனைவி, "பாவம், அண்ணன உடு. வந்த மன்சன மோந்து பாக்க வெச்சி வம்பு இய்க்கற" என்றாள். எல்லோரும் சிரித்தோம். காது என்று நீ ஏன் சொன்னாய் என்று கேட்டிருக்க வேண்டும். கேள்வி கேட்பதே தொழிலாக இருந்தும் அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. பதில் தெரிந்துவிடும் என்ற பயம்தான்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். உன் மகள் வாளியை இறக்கி மொண்டாள். தண்ணீர் மேல் தோல் இல்லை. குனிந்து முகர்ந்தேன். இரண்டு கையால் அள்ளி மறுபடி முகர்ந்தேன். ஜெனரேட்டர் வாசனை மூக்கில் இருக்கிறதோ என்று சந்தேகம் வந்து, கொஞ்சம் தள்ளிப் போய் நின்று, மூக்கைச் சிந்திவிட்டு வந்து மூன்றாம் முறையும் பார்த்தேன். மேஸ்திரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். உன் மனைவி படியில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா" என்றேன்.

உன் மனைவி படியிலிருந்து எழுந்து வந்தாள். வாளிக்குள் கையை விட்டு, நனைந்த கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கிணற்றுத் தண்ணீர் அவள் முகத்தில் பட்டு எத்தனை வருஷம் என்று நான் கணக்குப் போடவில்லை. அவள் போட்டிருப்பாள்.

கிணற்றை விட்டு வைக்கச் சொன்னேன். காரை வாசல் பக்கம் நிறுத்தலாம் என்று மேஸ்திரியும் ஒருவழியாக ஒத்துக்கொண்டார். கிளம்பும்போது உன் மகள் ஒரு மஞ்சள் பையைக் கொண்டு வந்தாள். பட்டா, வரி ரசீது எல்லாம் நீ வைத்திருந்த பை. பிளான் அப்ரூவலுக்காகக் கொட்டித் தேடியபோது அடியில் கிடைத்ததாம். நாலாக மடித்த ஒரு நியூஸ்பிரின்ட் தாள். மடிப்பில் உடைந்திருந்தது.

"மாமா, இது ஒங்க கையெய்த்துதானே?"

கார்பன் நீலம் மங்கியிருந்தது. பேனா தாளைக் கிழித்த இரண்டு ஓட்டையும் அப்படியே இருந்தன. என் கையெழுத்து. வெள்ளானூர் அருகே ஒரு வீட்டுக் கிணற்றில் எண்ணெய், அதற்கடுத்து இருந்த "கிடைத்தது" மேல் சிவப்பு பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே உன் கையெழுத்தில், நீ பேசுகிறபடியே ஒரு வார்த்தை: கலந்துட்ச்சு.

அந்தத் தாள் கல்லின் மேல் கிடந்த அன்றைக்கே நீ எடுத்து வைத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரி பெஞ்சில் நீ என்னைப் பார்த்தபோது உனக்குத் தெரியும். டீக்கடையில் எனக்காக எழுந்து நின்ற ஒவ்வொரு முறையும் உனக்குத் தெரியும். "நீ சொன்னா சரி" என்று வாளியை என் முன்னால் வைத்தபோதும் தெரியும்.

"அப்பா எதுக்கு மாமா இதுல கோடு போட்டு வெச்சிருக்காரு?" என்று கேட்டாள் உன் மகள்.

"திருத்தம் போட்டிருக்காரும்மா. நான் போட்டிருக்க வேண்டியது."

முழுவதையும் அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் சொன்னேன். படியில் உட்கார்ந்து, ஒன்றையும் விடாமல். சொல்லி முடித்ததும் உன் மனைவி கிணற்றைப் பார்த்தாள். "அந்தாளு எனக்கு கூட சொல்லல பாருங்கண்ணே" என்றாள். அவளுக்கு என் மேல் கோபமா, உன் மேலா என்று எனக்குப் பிடிபடவில்லை. இருக்கட்டும். அவளுக்கு அந்த உரிமை உண்டு. காபி கொடுத்துத்தான் அனுப்பினாள், வழக்கத்தைவிடச் சர்க்கரை குறைவாக.

தாளை எனக்கே கொடுத்துவிட்டார்கள். இப்போது அது மேஜையில் எனக்கு எதிரே இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் எடுத்து வந்து ஆய்வுக்கூடத்தில் கொடுத்திருக்கிறேன். என் மூக்கை மட்டும் நம்பி நான் எதையும் எழுதுவதில்லை. அந்தப் பழக்கம் எனக்கு எங்கே வந்தது என்று இளைய நிருபர்கள் கேட்டால், இதுநாள் வரை ஏதோ சொல்லிச் சமாளித்திருக்கிறேன்.

அந்த ஷேர் ஆட்டோப் பெண்ணை மறுபடி பார்த்தால் சொல்ல வேண்டும். செக்கு இல்லம்மா, இங்க ஒரு வீட்டுக் கெணத்துல டீசல் கலந்துடுச்சு, அத ஒருத்தன் எண்ணெய் கிடைச்சதா எழுதிட்டான், அவன் நான்தான் என்று.

ஐப்பசி மழை நின்றுவிட்டது. இந்த வருஷம் போன் நான் செய்ய வேண்டிய முறை. குடிக்க நல்லதா என்பது ரிசல்ட் வந்த பிறகுதான் தெரியும், அதை அப்போது சொல்கிறேன். இப்போதைக்கு எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான்.

வாசன இல்ல மச்சான்.